தலைக்கவசத்திற்குப் புது வர்ணம் எதற்கு?

தலைக்காயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்தார், அடிபட்ட வண்டியைச் சீர்செய்யும்போதே பழைய தலைக்கவசத்திற்கும் கீறல் தெரியாதபடி வீட்டிலேயே வர்ணம் பூசிவிடுவதுண்டு. சிக்கனம் கருதிச் செய்யப்படும் இச்செயலை மருத்துவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

விலை குறைந்த கவசங்களின் மேலோடு பெரும்பாலும் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்காலும், சிலவற்றில் பாலிகார்பனேட்டாலும் ஆனது. ஸ்பிரே பெயின்ட்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் இவற்றைத் தாக்கிக் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளை உண்டாக்கக்கூடும். உள்ளே இருக்கும் வெண்ணிற அடுக்கோ, நாம் தெர்மாகோல் என்றழைக்கும் பாலிஸ்டைரீனே. தின்னரோ பெட்ரோலோ பட்டால் கரைந்துபோகும். மோதலின்போது தான் நசுங்கி மண்டையோட்டைக் காப்பது அவ்வடுக்கு. ஒருமுறை நசுங்கியது மீண்டும் பழைய நிலையை அடைவதில்லை. வர்ணம் அச்சேதத்தை மறைக்கிறது, அவ்வளவே.

விமானத்திலிருந்து குதிப்போர் அணியும் கவசங்கள் சிலவற்றைப் போலக் கண்ணாடியிழையாலான மேலோடு, கரைப்பானை ஓரளவு தாங்கும். ஆயினும் தயாரிப்பாளரின் குறிப்பேடு அனுமதித்தாலன்றி அதிலும் கைவைக்க வேண்டாம். மேலும், வாகனங்களுக்கான சிலவகை வர்ணங்களில் உள்ள ஐசோசயனேட், ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கடும் மூச்சிரைப்பைத் தர வல்லது. நோயாளி படுத்திருக்கும் வீட்டில் அதைத் தெளிப்பானேன்?

அழுக்கை நீக்க மென்மையான சோப்பும் நீரும் போதும். விபத்தில் அடிபட்ட கவசத்திற்குப் பதிலாக, ஐஎஸ் 4151 எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற புதியதை வாங்குங்கள். பழையதை வேறு யாரும் எடுத்து அணிந்துவிடாதபடி, அதன் வாரை அறுத்த பின்னரே குப்பையில் போடுங்கள்.