ஒரு ஸ்டூல் போட்டால் குடி முழுகிவிடுமா?

உங்கள் பள்ளிக்கூட நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலை பிரேயர். தலைமையாசிரியர் பேசிக்கொண்டே போவார். மூன்றாவது வரிசையில் ஒரு பொண்ணு பொத்தென்று விழும். நாலு பேர் தூக்கிப் போய் நிழலில் கிடத்துவார்கள். பி.டி. மாஸ்டர் கேட்கும் கேள்வி என்றைக்கும் ஒன்றுதான்: "காலையில சாப்பிடலையா?"

சாப்பிட்டிருக்கும். சொன்னால் யார் நம்புவது?

என் அக்கா பொண்ணு அப்படி விழுந்தவள்தான். இப்போது 24 வயது. படுத்திருந்தால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். எழுந்து பத்து நிமிஷம் நின்றால் போதும்... நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், பேசிக்கொண்டிருந்த விஷயமே மறந்துவிடும். குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் படுத்தாக வேண்டும். 'சோம்பேறி', 'நடிக்கிறா' என்று வீட்டிலேயே பட்டம் கொடுத்தோம். நானும்தான்.

மூன்று வருஷம், ஐந்து டாக்டர்கள். எல்லோரும் அவளை உட்கார வைத்து பி.பி. பார்த்தார்கள். "எல்லாம் நார்மல், டென்ஷன்தான்" என்றார்கள். "கல்யாணம் பண்ணுங்க, சரியாயிடும்" என்று ஒருத்தர் பிரிஸ்கிரிப்ஷனே கொடுத்தார்! ஆறாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் படுக்க வைத்து நாடியை எண்ணினார். 76. அப்புறம் எழுப்பிப் பத்து நிமிஷம் நிற்க வைத்து எண்ணினார். 124.

ஐயா, நிற்கும்போது வருகிற நோயை உட்கார வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பெயர் 'போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம்'. வாய் சுளுக்கிக்கொள்ளும், பாட்ஸ் என்றே சொல்லுவோம். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் ரத்தக்குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ளும். பாட்ஸ் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு சரியாக நடப்பதில்லை. ஈடுகட்ட இதயம் ஓட ஆரம்பிக்கிறது. நின்ற பத்து நிமிஷத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் கூடினால், பி.பி. பெரிதாக இறங்காமல் இருந்தால், தொந்தரவு மாதக்கணக்கில் நீடித்தால் டாக்டர்கள் இதைச் சந்தேகிப்பார்கள். டீன் ஏஜ் பிள்ளைகளுக்குக் கணக்கு 40. ரத்தசோகை, தைராய்டு இல்லை என்றும் பார்த்துவிட வேண்டும். நாம் சும்மா நிற்கிறோம். அவர்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். களைப்பு வராமல் என்ன செய்யும்?

புதுசா வந்த வியாதியும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் இதே மாதிரி படபடப்பையும் களைப்பையும் பார்த்து டா கோஸ்டா என்ற டாக்டர் 1871-லேயே எழுதிவைத்தார். இன்றைய பெயர் 1993-ல் வந்தது. பாதிக்கப்படுவதில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கோவிட் வந்துபோன பிறகு இன்னும் பலருக்கு ஒட்டிக்கொண்டது.

வைத்தியம்? தினம் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர். டாக்டர் சொன்னால் கூடுதல் உப்பு. (பி.பி., கிட்னி கோளாறு இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் திறக்க வேண்டாம்!) இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ், கணுக்கால் சாக்ஸ் போதாது. படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ செய்கிற உடற்பயிற்சி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பு ஏற்கிற அளவுக்கு. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். எல்லாவற்றையும்விட மலிவான மருந்து, உட்காருவது. உட்கார்ந்து குளிப்பது, உட்கார்ந்து துணி மடிப்பது, உட்கார்ந்து சமைப்பது.

இங்கேதான் நமக்குப் பொறுக்காது. அடுக்களையில் உயரமான ஸ்டூல் போட்டு அவள் வெங்காயம் நறுக்கினால், ஊரிலிருந்து வந்த பெரியம்மா, "உக்காந்துக்கிட்டா சமைக்கிறது?" என்று முகவாயில் கை வைக்கிறார். அந்தப் பெரியம்மா காய் நறுக்கியது அரிவாள்மணையில் உட்கார்ந்து. அம்மியில் அரைத்தது உட்கார்ந்து. அடுப்பு ஊதியதும் உட்கார்ந்துதான். அடுப்பை மேடையில் ஏற்றினோம், பெண்களை நிற்க வைத்தோம், அதற்கு மாடர்ன் கிச்சன் என்று பெயரும் வைத்தோம்.

வீட்டைவிட மோசம் கடை. கேரளாவில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதில் 2018-ல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று எழுதினார்கள். வியாதிக்காரர்களுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். யாரும் தன் நாடிக் கணக்கை முதலாளியிடம் காட்டிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால், நான் நுழைகிற கடைகளில் பாதியில் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூடக் கண்ணில் படவில்லை. சில இடங்களில் ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, பிரித்துப் பிரித்துப் போடுகிறதே அந்தப் பொண்ணு, அது எங்கே உட்காரும் என்று முதலாளியிடம் கேளுங்கள். நீங்கள் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பீர்கள். உங்களுக்கு முதலிலேயே நாற்காலி போட்டிருப்பார்.