தேய்ந்த பீங்கானின் விலை

அண்மையில் இரத்தினபுரியில் பழம்பொருள் வணிகர் ஒருவர் சீனப் பீங்கான் தட்டொன்றைக் காட்டினார். இளஞ்சிவப்புப் பூக்கள், ஏதோவொரு தோட்டத்துப் பங்களாவிலிருந்து வந்ததாம். "எனாமல் தேய்ந்துவிட்டது, விலை போகாது" என அலுத்துக்கொண்டார்.

தேய்வது இயல்பே. நீலச் சித்திரமாயின் கண்ணாடிப் பூச்சின் அடியில் பத்திரமாக இருக்கும். எனாமலோ அப்பூச்சின் மேல் தீட்டப்பட்டு, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடப்படுவது. 1720களில் சீனாவில் தோன்றிய இந்த இளஞ்சிவப்பை ஐரோப்பியர் கப்பல் கப்பலாக வாங்கினர். விரலால் தடவினாலே பூவின் மேடு தெரியும். சாம்பலும் தேங்காய் நாரும் நாள்தோறும் பட்டால் என்னாகும்?

தேய்த்தவர் யார்? துரை அல்லர். லயத்தில் தகரக் கோப்பையில் சாயத்தண்ணீர் குடித்துவிட்டுப் பங்களா வேலைக்குப் போன நம்மவர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் போயினர், தட்டுகள் கைமாறின. சேகரிப்போர் துரையின் பெயரை விசாரித்துக் குறித்துக்கொள்கின்றனர். சமையலறை அப்புவின் பெயரை எவரும் கேட்பதில்லை. (இத்தனை ஆண்டுகள் பத்திரிகையில் இருந்த நானும் கேட்டதில்லை.)

பங்களாக்களில் வேலை செய்த முதியோர் சிலர் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் இன்னமும் இருக்கின்றனர். தட்டுக்கு விலை பேசுமுன் அவர்களிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள்.