ஒரே மென்பொருள், நூறு கம்பெனி: உங்கள் டேட்டா பக்கத்து அறைக்குப் போகாமல் இருக்க என்ன வழி?

2022 ஏப்ரல் 5. ஜிரா, கான்ஃப்ளுயன்ஸ் பயன்படுத்தும் 775 நிறுவனங்களுக்குத் திடீரென எதுவுமே திறக்கவில்லை. ஹேக்கிங் இல்லை. பழைய ஆப் ஒன்றை நீக்கச் சொன்னபோது, ஆப்பின் அடையாள எண்ணுக்குப் பதில் வாடிக்கையாளர் தளத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அட்லாசியனின் ஸ்கிரிப்ட் 23 நிமிடத்தில் 883 தளங்களை அழித்துவிட்டது.

பேக்கப் இருந்ததே? இருந்தது. ஆனால் அது மொத்த வீட்டுக்குமான பேக்கப். அதை அப்படியே ஏற்றினால், பாதிக்கப்படாத மற்ற வாடிக்கையாளர்களின் புதிய டேட்டா போய்விடும். அதனால் ஒவ்வொரு தளமாகப் பிரித்து மீட்டார்கள். சிலருக்கு 14 நாள் ஆனது.

இதுதான் ‘மல்ட்டி டெனன்ட்’ சிக்கல். ஒண்டுக்குடித்தனம் என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். வீடு ஒன்று, குடித்தனம் பல. எல்லோர் சாமானையும் ஒரே கூடத்தில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி வைக்கலாம். ஆளுக்கொரு தனி வீடு, அதாவது தனி டேட்டாபேஸ் கொடுக்கலாம், செலவு எகிறும். நடுவழி ஒன்று உண்டு: ஒரே டேட்டாபேஸுக்குள் ஆளுக்கொரு ஸ்கீமா. ஆளுக்கொரு அறை மாதிரி.

அறை தனி, சரி. சாவி?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எந்த அறையில் தேட வேண்டும் என்பதை ‘சர்ச் பாத்’ என்ற அமைப்பு சொல்கிறது. பயனர் உள்ளே வந்ததும் மென்பொருள் அதை மாற்றும். ஆனால் டேட்டாபேஸ் இணைப்புகள் வேகத்துக்காக மறுபடி மறுபடி பயன்படுத்தப்படுகின்றன. முந்தைய கம்பெனிக்கு வைத்த பாத் அப்படியே இருந்துவிட்டால், அடுத்து வருபவர் அவர்களுடைய பில்லைப் பார்ப்பார். எர்ரர் எதுவும் வராது. ஏனென்றால் எல்லா அறையிலும் ‘இன்வாய்ஸ்’ என்ற அதே பெயரில் டேபிள் இருக்கிறது! பாத்தை அந்த ஒரு டிரான்ஸாக்ஷனுக்கு மட்டும் செல்லும்படி வைப்பதுதான் பாதுகாப்பு.

இணைப்பு கலங்குவது கற்பனை இல்லை. 2023 மார்ச்சில் சாட்ஜிபிடியில் சிலருக்கு அடுத்தவர் சாட் தலைப்புகள் தெரிந்தன. அங்கே இருந்தது ஸ்கீமா இல்லை, ரெடிஸ். ஆனால் காரணம் இதே ஜாதி. பாதியில் ரத்தான கோரிக்கையின் பதில் இணைப்பிலேயே தங்கி, அடுத்தவர் கைக்குப் போனது.

இதை டெஸ்டிங்கில் பிடிக்க முடியாதா? முடியும், ஒரே ஒரு டெனன்ட்டை வைத்து டெஸ்ட் செய்யாமல் இருந்தால். ஒரே குடித்தனம் இருக்கும் வீட்டில் சாமான் மாறிப்போக வழியே இல்லையே! குறைந்தது இரண்டு டெனன்ட் வேண்டும். இரண்டிலும் 1 என்ற எண்ணில் ஒரு ரெக்கார்டு, உள்ளே வேறு வேறு விவரம். இணைப்புகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிட்டு, முதல் கம்பெனியாக ஒரு முறை, உடனே இரண்டாவதாக ஒரு முறை கேளுங்கள். கசிவு இருந்தால் அங்கேயே மாட்டும். இரவில் தானாக ஓடும் வேலைகளையும் இதே மாதிரி சோதிக்க வேண்டும்; அங்கே லாக்-இன் செய்யும் ஆள் இல்லை என்பதால் பலரும் மறப்பது அதைத்தான்.

அடுத்த தலைவலி, மாற்றங்கள். 800 ஸ்கீமா இருந்தால், ஒரு காலம் சேர்ப்பதை 800 முறை செய்ய வேண்டும். 412-வதில் நின்றுவிட்டால் பாதிப் பேர் புதுசில், மீதிப் பேர் பழசில். ஆகவே கோட் இரண்டையும் சமாளிக்க வேண்டும். முதலில் காலத்தைச் சேர், பிறகு கோடை மாற்று, பழையதைக் கடைசியில் நீக்கு. அவசரப்பட்டு மூன்றையும் ஒரே நாளில் செய்பவர்கள்தான் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

ஃப்ரெஷ்வொர்க்ஸ், ஜோஹோ வளர்ந்த சென்னைக்கு இது வெறும் டெக் விஷயமில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன்படி, போதிய பாதுகாப்பு இல்லாமல் டேட்டா கசிந்தால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம்.

ஸ்கீமா முறையில் ஒரு லாபம்: ஒரு கம்பெனியின் ஸ்கீமாவை மட்டும் தனியாக பேக்கப் எடுக்கலாம். ஆனால் லாக்-இன், சந்தா விவரங்கள் பெரும்பாலும் பொதுக் கூடத்தில்தான் இருக்கும். அவை அதில் வராது. அதனால் உங்கள் ஆபீஸுக்கு மென்பொருள் விற்க வருபவரிடம், “எங்கள் டேட்டாவை மட்டும் மீட்க எத்தனை மணி நேரம் ஆகும்? கடைசியாக எப்போது செய்து பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள்.