ஏட்டுச் சுரைக்காயும் ஹெர்ஷி மிட்டாயும்

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாலோவீன் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் 31 அன்று குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். மிட்டாய்க் கம்பெனிகளுக்கு வருடத்தில் பெரிய வியாபாரம் நடக்கும் காலங்களில் அதுவும் ஒன்று.

அந்தச் சமயம் பார்த்து, பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்ஷி நிறுவனத்திடம் கடைக்காரர்கள் கேட்ட சரக்கு போய்ச் சேரவில்லை. சாக்லேட் தட்டுப்பாடா? இல்லை. தொழிற்சாலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. குடோன்களில் பெட்டி பெட்டியாகச் சரக்கும் இருந்தது. அந்தச் சரக்கை ஆர்டரோடு சேர்த்து லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டிய புதிய கணினி ஏற்பாடுதான் தடுமாறியது. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நிறைவேற்ற முடியாமல் போனது. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் குறைந்தது.

அந்த ஏற்பாட்டுக்கு ஹெர்ஷி செலவழித்தது 11 கோடியே 20 லட்சம் டாலர்!

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக "ஈஆர்பி மென்பொருள் ஆபத்தானது" என்று முடிப்பார்கள். அது தவறான பாடம். ஈஆர்பி கணக்குப் போடும் இயந்திரம். தரையில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் அது போடும் கணக்கு சரியாக இருக்கும். இல்லாவிட்டால் அதே கணக்கு, அதே வேகத்தில், தப்பாக இருக்கும். இந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஈஆர்பி எங்கிருந்து வந்தது?

ஒரு தொழிற்சாலையின் விற்பனை, கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே தகவல் தளத்தில் இணைக்கும் மென்பொருள்தான் ஈஆர்பி. நிறுவன வளங்களைத் திட்டமிடுதல் என்று தமிழில் சொல்லலாம். விற்பனைப் பிரிவு ஆர்டரைப் பதிவு செய்தால் போதும். அதற்கு வேண்டிய மூலப்பொருள் என்ன, எப்போது வாங்க வேண்டும், எந்த மெஷினில் எப்போது ஓட்ட வேண்டும், பில் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரே பதிவிலிருந்து பிறக்கும்.

இந்தப் பெயரை கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் சூட்டியது 1990ல். ஆனால் வேர் இன்னும் பழையது. 1960களில் ஜோசப் ஆர்லிக்கி என்ற பொறியாளர் ஒரு எளிய விஷயத்தைக் கண்டுகொண்டார். வாடிக்கையாளர் எத்தனை பொருள் கேட்பார் என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஆனால் அந்தப் பொருளுக்குள் போகும் பாகங்களை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டுவிடலாம். அதுவரை பாகங்களையும் ஊகித்துத்தான் வாங்கினார்கள். ஸ்டாக் ஒரு அளவுக்குக் கீழே போனால் மறுபடி ஆர்டர் போடு, அவ்வளவுதான். ஆர்லிக்கியின் முறைக்கு எம்ஆர்பி, அதாவது மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் என்று பெயர். 1964ல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் இதை முதலில் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள்.

1972ல் ஜெர்மனியில் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஆர்/3 என்ற மென்பொருள் 1992ல் வந்தபின் ஈஆர்பி உலகம் முழுவதும் பரவியது. 2000ஆம் ஆண்டுப் பிரச்சினை, அதாவது ஒய்2கே பயம், அதற்கு இன்னும் வேகம் கொடுத்தது. பழைய மென்பொருளைத் திருத்துவதற்குப் பதிலாகப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று பல கம்பெனிகள் நினைத்தன. ஹெர்ஷியும் அதில் ஒன்று.

ஒரு பம்ப், இருபது பாகங்கள்

ஒரு உதாரணம். ஒரு தொழிற்சாலை தண்ணீர் பம்ப் செய்கிறது. ஒரு பம்ப்புக்கு இரண்டு பேரிங். அடுத்த மாதம் 100 பம்ப் வேண்டும். ஆக 200 பேரிங் தேவை. ஸ்டோர்ஸில் 60 இருக்கிறது. ஏற்கெனவே ஆர்டர் போட்டு வர வேண்டியது 40. மீதி 100 வாங்க வேண்டும். சப்ளையர் கொடுக்க மூன்று வாரம் ஆகும். எனவே பம்ப் பூட்டுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே பர்ச்சேஸ் ஆர்டர் போக வேண்டும். எம்ஆர்பி செய்வது இவ்வளவுதான். இதையே ஆயிரக்கணக்கான பாகங்களுக்கு ஒரே இரவில் செய்யும். அதுதான் அதன் பலம்.

இப்போது ஸ்டோர்ஸில் உண்மையில் இருப்பது 60 இல்லை, 40தான் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு அது தெரியாது. பூட்டும் நாளில் 20 பேரிங் குறையும். 10 பம்ப் அப்படியே நிற்கும். அந்த 10 பம்ப்புக்காக வாங்கிய மற்ற பாகங்களும் பணமாகத் தூங்கும்.

அந்த 20 பேரிங் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஒவ்வொரு பேரிங்கையும் எடுக்கும்போது யாரும் பதிவு செய்வதில்லை. நேரம் இருக்காது. 100 பம்ப் முடிந்தது என்று பதிந்தால், கணினி தானாகவே 200 பேரிங்கைக் கழித்துக்கொள்ளும். ஆனால் பூட்டும்போது ஆறு பேரிங் பழுதாகியிருக்கும். நைட் ஷிஃப்டில் மெஷின் ரிப்பேருக்கு இரண்டு பேரிங்கை ஸ்லிப் போடாமல் எடுத்திருப்பார்கள். வர வேண்டிய சைஸ் வராததால் வேறு சைஸைப் போட்டுச் சமாளித்திருப்பார்கள். இதெல்லாம் அன்றாடம் நடப்பது. ஒன்றும் குற்றமில்லை. ஆனால் திரைக்கு வராது.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு பம்ப்புக்கு இருபது பாகம். ஒவ்வொரு பாகத்தின் ஸ்டாக் கணக்கும் 98 சதவீதம் நம்பகமானது என்றால், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபதும் ஒரே சமயத்தில் சரியாக இருக்கும் வாய்ப்பு சுமார் 67 சதவீதம்தான் (0.98ஐ இருபது முறை பெருக்கிப் பார்க்கலாம்). மூன்று தடவைக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு பாகம் இடிக்கும். நம்பகம் 95 சதவீதம் என்றால் வாய்ப்பு 36 சதவீதமாக விழுந்துவிடும். பரீட்சையில் 95 வாங்கினால் கொண்டாடலாம். ஸ்டோர்ஸில் 95 வாங்கினால் உற்பத்தி நிற்கும்!

கணினி வருவதற்கு முன்னால் இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தவர் யார்? ஸ்டோர் கீப்பர். "ரெஜிஸ்டர்ல அறுபதுன்னு இருக்கும், ஆனா நாப்பதுதான் சார் தேறும்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டுதான் அந்தத் தொழிற்சாலையின் உண்மையான தகவல் தளம்.

ஹெர்ஷியில் நடந்தது

ஹெர்ஷி ஒரே நேரத்தில் மூன்று பெரிய மென்பொருள்களை இறக்கியது. எஸ்ஏபியின் ஆர்/3, மேனுஜிஸ்டிக்ஸ், சீபெல். இதற்கு 48 மாதம் ஆகும் என்பது முதல் மதிப்பீடு. 2000 பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று 30 மாதமாகச் சுருக்கினார்கள். ஏப்ரல் 1999ல் தொடங்க வேண்டியது தள்ளிப்போய் ஜூலையில் தொடங்கியது. ஜூலை என்றால் ஹாலோவீன் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரம். வெள்ளம் வரும்போது மதகைக் கழற்றி மாட்டியது போல!

அப்போதைய பத்திரிகைச் செய்திகளில் வந்த ஒரு காரணம் கவனிக்க வேண்டியது. பண்டிகைக்கு முன்னால் சரக்கு குவியும்போது ஹெர்ஷி ஊழியர்கள் கிடைத்த இடத்திலெல்லாம் அடுக்கி வைப்பது வழக்கம். தற்காலிகமாக வாடகைக்கு எடுத்த குடோன், தொழிற்சாலையில் காலியாக இருந்த அறை, எங்கே இடமோ அங்கே. எது எங்கே இருக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் புதிய அமைப்பில் ஒவ்வொரு இடத்தையும் சேமிப்பு இடமாக முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதியாத இடத்தில் இருக்கும் சரக்கு கணினியைப் பொறுத்தவரை இல்லாத சரக்கு. மிட்டாய் இருந்தது, ஏட்டில் இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே தலைகீழ். தோட்டத்தில் சுரைக்காய் காய்த்துத் தொங்குகிறது. ஏட்டில் இல்லாததால் சமைக்க முடியவில்லை.

மென்பொருள்தான் குற்றவாளியா?

இல்லை என்பதற்கு ஹெர்ஷியே சாட்சி. 2002ல் அதே எஸ்ஏபி மென்பொருளின் புதிய பதிப்புக்கு ஹெர்ஷி மாறியது. இந்த முறை சோதனைக்குப் போதிய நேரம் ஒதுக்கினார்கள். பெரிய தடங்கல் எதுவும் இல்லை. செலவும் பட்ஜெட்டுக்குள்ளேயே முடிந்தது. மென்பொருள் அதே குடும்பம்தான். மாறியது அணுகுமுறை.

அப்படியானால் ஊழியர்கள் குற்றவாளிகளா? ஈஆர்பி தோற்ற பல இடங்களில் அப்படித்தான் சொல்லப்படுகிறது. "பழைய ஆட்கள் மாற்றத்தை விரும்புவதில்லை, ஒத்துழைப்பதில்லை." இது பாதி உண்மைகூட இல்லை. திட்டம் தொடங்கும்போது மேலாளர்களையும் கன்சல்டன்ட்களையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று மேலாளருக்குத் தெரியும். எப்படி நடக்கிறது என்று ஸ்டோர் கீப்பருக்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும்தான் தெரியும். அவர்களைக் கூப்பிடுவது கடைசி வாரத்தில், எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதற்கு. கேட்க வேண்டியவரைக் கேட்காமல் விட்டுவிட்டு, ஒத்துழைக்கவில்லை என்று பழி போடுவது என்ன நியாயம்?

சட்டைப்பை நோட்டே போதும், ஈஆர்பி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த நோட்டு ஒருவருடைய பையில் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் தொழிற்சாலைக்கும் காய்ச்சல். அவர் ஓய்வு பெற்றால் முப்பது வருட அறிவு வீட்டுக்குப் போய்விடும். விற்பனைப் பிரிவு ஒரு கணக்கும் கொள்முதல் பிரிவு வேறு கணக்கும் வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குத் தேதி சொன்னால் அது வெறும் வாய்ச்சொல்தான். நோட்டில் இருப்பதைத் திரைக்குக் கொண்டுவருவதுதான் ஈஆர்பியின் வேலை. நோட்டை எழுதியவரை ஒதுக்கிவிட்டு அதைச் செய்ய முடியாது.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஸ்டாக் எடுப்பதற்குப் பதிலாகத் தினமும் சில பாகங்களை எண்ணிச் சரிபார்க்கலாம். விலை உயர்ந்ததை அடிக்கடி, மலிவானதை எப்போதாவது. வித்தியாசம் வந்தால் யார் தப்பு என்று கேட்காமல் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். திட்டினால் அடுத்த முறை பழுதான பேரிங்கை யாரும் பதிய மாட்டார்கள். பழுதைப் பதிவது ஸ்லிப் எழுதுவதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். புது அமைப்பைத் தொடங்கும் நாளை வேலை குறைவான மாதத்தில் வைக்க வேண்டும். ஸ்டோர்ஸ் கணக்கு சரியாகும்வரை அந்த நாளைத் தள்ளிப்போடும் தைரியம் முதலாளிக்கு வேண்டும்.

மறுபடியும் ஒரு கெடு

இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய கதையை இப்போது ஏன் பேச வேண்டும்? கதை பழையதாகவில்லை. 2018 பிப்ரவரியில் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனம் வட கரோலினாவில் உள்ள ஆக்ஸ்ஃபோர்ட் தொழிற்சாலையில் புதிய ஈஆர்பியை இறக்கியபோது, அங்கும் உற்பத்தி தடுமாறி ஆர்டர்கள் தேங்கின. பங்குதாரர்கள் வழக்கே போட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எஸ்ஏபி தன்னுடைய பழைய ஈசிசி மென்பொருளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதிவரைதான் என்று 2020ல் அறிவித்தது. அதைப் பயன்படுத்தும் கம்பெனிகள் எஸ்/4ஹானா என்ற புதிய தலைமுறைக்கு மாறியாக வேண்டும், அல்லது கூடுதலாகப் பணம் கட்டித் தள்ளிப்போட வேண்டும். 1999ல் ஹெர்ஷியின் கழுத்தில் ஒய்2கே உட்கார்ந்திருந்தது போல இப்போது இன்னொரு தேதி. தேதிதான் எஜமான் என்றால் முதலில் வெட்டுப்படுவது சோதனைக்கான நேரம், அடுத்து ஸ்டோர் கீப்பரிடம் உட்கார்ந்து பேசும் நேரம்.

கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் இந்த வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். மாட்யூல் பெயர்களும் டேபிள் பெயர்களும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராத ஒன்று உண்டு. தொழிற்சாலைக்குப் போன முதல் நாள், ஏசி அறையில் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால், ஸ்டோர்ஸுக்குப் போய் அங்கே இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "கணக்குல வராத சரக்கு எங்கண்ணே இருக்கு?"

அவர் சிரிப்பார். பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். ஈஆர்பி திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.