மழையில் ஒரு ராஜவீதி



மழைக்காலமாயிருப்பதால் தரங்கம்பாடிப் பயணத்தைத் தை மாதத்திற்குத் தள்ளிவைக்கலாம் என்றும், அப்போது பேருந்து அமர்த்தி ஒரே நாளில் ஐந்தாறு ஊர்களைப் பார்த்துவிடலாம் என்றும் சபையில் சிலர் யோசனை கூறினார்கள். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை.

சென்ற ஐப்பசியில் வாலிபர் சிலரோடு அவ்வூருக்குச் சென்றிருந்தேன். காலையில் பிடித்த மழை மாலைவரை விடவில்லை. நகர வாயிலிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ராஜவீதியை வண்டி சில நிமிடங்களில் கடந்துவிடும். மழைக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பவனுக்கோ, அங்குள்ள கட்டடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பது புலப்படும். அந்த அண்மைதான் காரியம்.

சீயோன் ஆலயம் டேனியருக்கென்று 1701ஆம் ஆண்டு கட்டப்பட்டது. சீகன்பால்கு ஐயர் வந்திறங்கியதோ 1706 ஜூலை 9 அன்று. ஆகவே ஆலயமும் ஆராதனையும் அவருக்கு முன்பே அங்கு இருந்தன, தமிழில்தான் இல்லை. அதே வீதியில் தமிழ்ச் சபைக்காக 1718இல் எழுந்தது புதிய எருசலேம் ஆலயம். மறு ஆண்டே, முப்பத்தாறு வயதில் மரித்த ஐயரின் கல்லறை அதற்குள் இருக்கிறது. கடலோரத்தில் 1620இல் எழுப்பப்பட்ட டேனியக் கோட்டை. 1708இன் இறுதியில் ஐயரைப் பிடித்து ஏறக்குறைய நான்கு மாதம் சிறைவைத்தவர் அந்தக் கோட்டையின் தளபதி.

எதற்காக? கடன் வழக்கில் சிக்கிய ஒரு தமிழ் விதவைக்காக ஐயர் மீண்டும் மீண்டும் தலையிட்டார். டேனியரின் ஆலயத்திலேயே தளபதியின் முன் முழங்காற்படியிட்டு முறையிடும்படி அவளுக்கு ஆலோசனையும் கூறினார். அதைத் தளபதியால் பொறுக்க முடியவில்லை.

கோட்டைச் சுவரோரம் நனைந்து நின்ற ஒரு பையன் கேட்டான்: "ஐயா, அவரைச் சிறையில் போட்டவர்களும் கோயிலுக்குப் போகிறவர்கள்தானா?" ஆம் என்றேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஓய்வுநாள் பள்ளியில் நாம் மிஷனரி சரித்திரத்தை வெற்றி ஊர்வலமாகவே கற்பிக்கிறோம்: கப்பல், அச்சுக்கூடம், 1715இல் அச்சிட்டு முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு. அவை மெய்யே, மகிமையானவையே. ஆனால் அந்த விதவையை விட்டுவிட்டுச் சொல்லப்படும் சரித்திரம் நமக்கு மிகவும் வசதியானது. அதிகாரிகளுக்குச் சால்வை போர்த்துவதில் நம் சேகரங்கள் காட்டும் ஊக்கம் யாவரும் அறிந்தது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும் ஒரு சகோதரிக்காக எத்தனை சேகரக் கமிட்டிகள் காவல்நிலையப் படியேறியிருக்கின்றன?

ஆகையால் பயணம் அறிவித்த நாளிலேயே நடைபெறும், ஊரும் ஒன்றுதான். முதியோருக்கு ஆட்டோ ஏற்பாடு உண்டு. மற்றவர்கள் குடையும், நனைந்தால் கவலையில்லாத செருப்பும் கொண்டுவாருங்கள். முதலில் கோட்டைக்குப் போவோம், ஆலயங்களுக்குப் பிறகு.