வேன் வெயிட் பண்ணாது, ஸார்!

சொகுசுக் கப்பலில் போய்வந்த நண்பர் ஒருவர் பில்லைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். நான் பி.காம். படித்தவன் என்பதை இன்னமும் மதிக்கிற ஒரே ஆத்மா அவர்தான். ''இதுல நான் எங்க ஏமாந்தேன், சொல்லு!'' என்றார்.

பார்த்தேன். டிக்கெட் சரி. சாப்பாடு சரி. கடைசிப் பக்கத்தில் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' என்று மூன்று வரி. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது, கப்பல்காரர்களே பஸ் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. குடும்பத்தில் நாலு தலை.

''நீங்களே இறங்கி ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிருக்கலாமே?''

''போகலாம்தான். ஆனா நாமளா போய் லேட்டாச்சுன்னா கப்பல் நிக்காதாம். அவங்க பஸ்ல போய் லேட்டானா மட்டும் நிக்குமாம்.''

அங்கேதான் ஏமாந்தார். அந்த மூன்று வரியில் ஊருக்கு விலை கொஞ்சம். மீதி எல்லாம் பயத்துக்கு.

உலகம் பூரா கப்பல் கம்பெனிகள் சொல்கிற வசனம் இது. பொய்யென்று சொல்ல மாட்டேன். கப்பல் நிஜமாகவே நிற்காது. ஆனால் கையில் வாட்ச் கட்டியிருக்கிற மனிதனுக்கு அதைச் சொல்லிக் காசு வாங்கலாமா என்பதுதான் கேள்வி. சென்னையிலிருந்து 2023 ஜூனில் இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் ஓட ஆரம்பித்தபோது, ஹம்பாந்தோட்டை, திருகோணமலையோடு காங்கேசன்துறைக்கும் போனது. காங்கேசன்துறையில் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ரயில் நிலையம். யுத்தத்தில் சிதைந்துபோய், 2015 ஜனவரியில் மறுபடியும் ரயில் வந்த ஸ்டேஷன். யாழ்ப்பாணம் சுமார் இருபது கிலோமீட்டர்தான். பஸ் கண்டக்டரிடம் வழி கேட்டால், நம்மைவிட நல்ல தமிழில் பதில் வரும். அங்கே இறங்கப்போகிற தமிழனையே 'தனியாகப் போகாதே' என்று பயமுறுத்த முடிகிறதென்றால், அந்த வியாபாரத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டியதுதான்.

சரி, கப்பலை விடுங்கள். நம்மில் எத்தனை பேர் கப்பல் ஏறப் போகிறோம்? கப்பலே இல்லாமல் இதே வியாபாரம் நம் வாசலில் நடக்கிறது. ராமேஸ்வரத்தில். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

'ஒரே நாளில் ராமேஸ்வரம்' நோட்டீஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மதுரையில் காலை ஐந்து மணிக்கு ஏற்றி, இரவு ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். மொத்தம் 16 மணி நேரம். பேனாவை எடுங்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். போக, வர ஏழு மணி நேரம். டிபன், சாப்பாடு, டீ என்று இரண்டு மணி. 'ஷாப்பிங்' ஒரு மணி. கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் செய்ய மூன்று மணி. மிச்சம் மூன்று. அதில் தீவுக்குள் அங்குமிங்கும் ஓட ஒன்றரை மணி போய்விடும். மீதியிருக்கிற 90 நிமிடத்தில் ராமர் பாதம், கோதண்டராமர் கோயில், கலாம் நினைவிடம், வில்லூண்டி தீர்த்தம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, பாம்பன் பாலம். ஏழு இடம். ஒரு இடத்துக்கு 13 நிமிடம்கூட முழுசாக இல்லை! செருப்பைக் கழற்றி மறுபடி தேடிப் போட்டுக்கொள்ளவே அது சரியாக இருக்கும்.

சிரிக்கிறீர்கள். நானும் 2018-ல் இதில் மாட்டிக்கொண்டவன்தான். கூட அம்மா.

அம்மாவுக்கு தனுஷ்கோடியில் ஒரு வேலை இருந்தது. அவரது அப்பா, அதாவது என் தாத்தா, கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அந்தக் காலத்தில் எழும்பூரில் ரயில் ஏறினால் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, ரயில் தனுஷ்கோடி பாலத்தடி வரை வரும். இறங்கி கப்பல் ஏறினால் எதிரே தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில். 'போட் மெயில்' என்பது அதுதான். 1962-ல் லீவு முடிந்து திரும்பிய தாத்தாவை வழியனுப்ப, மானாமதுரையிலிருந்து குடும்பமே தனுஷ்கோடி வரை போயிருக்கிறது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டே வருஷத்தில், 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் ஊரே போய்விட்டது. ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களும் கடலோடு போயின. அதற்கப்புறம் அம்மா அந்தப் பக்கம் போனதே இல்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்கு ரோடு வந்தது 2017-ல். 'இனி என்னாலயும் போக முடியும்ப்பா' என்றார். நான் புத்திசாலித்தனமாக பேக்கேஜ் போட்டேன்.

தனுஷ்கோடியில் வேன் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: ''இருபது நிமிஷம். வேன் வெயிட் பண்ணாது, ஸார்.'' அம்மா இறங்கி, மணலில் மெதுவாக இடிந்த ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். பாதி தூரம் போயிருப்பார். ஹாரன். இன்னொரு ஹாரன். அம்மா திரும்பி வந்துவிட்டார். ''பரவாயில்லப்பா, பாத்துட்டேன்'' என்றார்.

அதே வேன், திரும்பும் வழியில் முத்து, சங்கு விற்கிற ஷோரூம் ஒன்றில் ஐம்பது நிமிடம் நின்றது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

டிரைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவருக்குப் படி குறைவு. ஷோரூமில் கொடுக்கிற கமிஷன்தான் அவர் வீட்டுக்குப் பால் வாங்குகிறது. ஹைவே ஓட்டலில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம் என்பார்கள் அல்லவா? இலவசம் என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு காலமே கிடையாது. அந்தச் சாப்பாட்டின் விலை உங்கள் தோசையில் ஏறியிருக்கும். பேக்கேஜ் விலை மலிவாக இருப்பதன் சூட்சுமமும் அதுதான். நோட்டீஸில் போட்ட தொகைக்கு லாபம் வராது. லாபம் நீங்கள் எங்கே நிறுத்தப்படுகிறீர்கள் என்பதில் வரும். தனுஷ்கோடியில் நின்றால் கம்பெனிக்குக் காலணா கிடையாது. அதனால் அங்கே இருபது நிமிஷம்.

என் கோபம் இங்கேதான். அந்தத் தீவு யாத்ரீகர்களை நம்பிப் பிழைத்த தீவு. 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கலாமின் தந்தை ஜெயினுலாப்தீன், யாத்ரீகர்களை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிப் போக மரப்படகு கட்டினார். காசியிலிருந்து வந்த பக்தர் கொடுத்த காசு, அந்தத் தீவிலேயே ஒரு முஸ்லிம் குடும்பத்தின் அடுப்பில் எரிந்தது. ரோடு வருவதற்கு முன்னால்கூட, மணலில் குதித்துக் குதித்துப் போகும் உள்ளூர் வேன்கள் ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிப் போயின. முதுகு ஒடியும். ஆனால் காசு உள்ளூரில் நின்றது. இன்றைக்கு? வேன் வெளியூர். சாப்பாடு ஹைவேயில். பொருள் வாங்குவது கமிஷன் கடையில். 'வசிக்கத் தகுதியற்ற இடம்' என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் தனுஷ்கோடியைவிட்டுப் போகாமல், ஓலைக் குடிசையில் மீன் பொரித்து விற்கும் பெண்களுக்கு, உங்கள் வேன் கொண்டுவந்து சேர்ப்பது தண்ணீர் பாட்டிலின் காலிக் குப்பி மட்டுமே.

அடுத்த வருஷம் மறுபடி போனோம். நானும் அம்மாவும் மட்டும். மதுரையில் ரயில் ஏறி, கோயில் பக்கம் ஒரு சாதாரண லாட்ஜ். மறுநாள் காலை அரசு பஸ்ஸில் தனுஷ்கோடி. அம்மா கண்டக்டரிடம் என்னென்னவோ விசாரித்தார். பத்து நிமிடத்தில் அவர் எந்த ஊர், அவருடைய மாமியார் எந்த ஊர் என்பது வரைக்கும் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

இறங்கி, ஒரு குடிசைக் கடையில் மீன் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கடைக்கார அம்மாள்தான் காட்டினார். இந்தப் பக்கம் சலனமே இல்லாமல் கிடக்கிறதே, வடக்கே, அது பெண்கடல். அந்தப் பக்கம் தெற்கே குதிக்கிறது ஆண்கடல். ''காத்து மாறுனா இதுவும் ஆடும் ஆத்தா, பொம்பள கோவம் மாதிரி.'' பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்று நான் ஜியாகரபியில் ஐந்து மார்க்குக்குப் படித்தது இவ்வளவுதான்.

அம்மா ஸ்டேஷன் இடிபாட்டுப் பக்கம் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கஸ்டம்ஸ்காரர் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஊறுகாய் ஜாடியை முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து மூடியதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். நாற்பது வருஷமாக அவரோடு இருக்கிறேன், கேட்டதில்லை. கிளம்பும் நேரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நான் பதறி ஓடினேன். கண்டக்டர் சொன்னார்: ''ஓடாதீங்க ஸார். ஆத்தா மெதுவா வரட்டும்.''

உடனே கடிதம் எழுதுவீர்கள், தெரியும். வயசானவர்கள் என்ன செய்வது? என் அம்மாவுக்கு அப்போது 66. முழங்கால் வலி உண்டு. பஸ்ஸில் ஏறக் கை கொடுக்க ஆள் வேண்டும்தான். அந்தக் கை பேக்கேஜிலும் உங்கள் கைதான். மொழி தெரியாமல் வடக்கேயிருந்து வரும் யாத்ரீகர் கூட்டம் வேன் பிடிப்பதை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் போய்ச் சேருகிற, தமிழ் பேசுகிற நமக்கு என்ன கேடு? உள்ளூர் ஆட்டோவையும் நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஏறுவதற்கு முன்னால் எங்கெங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் என்று பேசிவிட்டு ஏறுங்கள். அந்தக் காசு தீவைத் தாண்டாது.

கோயிலில் 'வரிசை வேண்டாம், நான் கூட்டிட்டுப் போறேன்' என்று ஒருவர் உங்கள் தோளைத் தொடுவார். புன்னகைத்துவிட்டு நகருங்கள். 22 தீர்த்தத்துக்குக் கோயில் கவுண்ட்டரிலேயே டிக்கெட் உண்டு. விலை அதிலேயே அச்சடித்திருக்கும். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் ஒரு முங்கு, அப்புறம் உள்ளே கிணறு கிணறாக. மாற்றுத்துணி மறக்காதீர்கள். எல்லாம் முடிந்து மூன்றாம் பிராகாரத்தில் சும்மா ஒரு சுற்று நடங்கள். அந்தத் தூண் வரிசையை 13 நிமிடத்தில் பார்க்கிறவன் கண்ணில்லாதவன்.

பாம்பனில் பஸ்ஸைவிட்டு இறங்கி, 1988-ல் திறந்த ரோடு பாலத்தின் ஓரமாக நடந்தால், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் பக்கத்தில் தெரியும். நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். அதிர்ஷ்டம் இருந்தால் கப்பல் போவதையும் பார்ப்பீர்கள். அந்தப் பக்கம் குந்துகால். 1897 ஜனவரி 26-ந் தேதி, கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் சுற்றிவிட்டு விவேகானந்தர் கப்பலில் வந்து பாம்பன் கரையில் இறங்கினார். பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். நல்லவேளை, 'ஸ்வாமிஜி, இருபது நிமிஷம்' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

இன்னொன்று. மண்டபம் கேம்ப். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஏழை ஜனங்களை, நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தங்கவைத்த இடம். பிறகு அங்கிருந்து தப்பி வந்த தமிழர்களுக்கு அகதி முகாம் ஆனது. வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை, இறங்க வேண்டாம். ஆனால் பஸ்ஸில் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் இதைச் சொல்வார். வேனில் அந்த நேரத்துக்கு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் ராமநாதபுரத்தில் இறங்குங்கள். எந்தப் பேக்கேஜிலும் இல்லாத ராமலிங்க விலாசம் அங்கேதான். சுவரெல்லாம் சேதுபதிகள் சண்டை போடுகிறார்கள், வெள்ளைக்காரர்களைச் சந்திக்கிறார்கள். தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை எல்லாவற்றுக்கும் ராமநாதபுரத்திலிருந்து பஸ் இருக்கிறது. சந்தையில் குண்டு மிளகாய் அரைக்கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். காரம் அப்படியொன்றும் அதிகமில்லை என்று சொல்லி ஏமாற்றுவார்கள், நம்பாதீர்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று மட்டும் போகாதீர்கள். நிற்க இடம் இருக்காது. அரிச்சல்முனையில் கடல் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் குளிக்க இறங்காதீர்கள், சுழல் உண்டு. மாலையில் செக்போஸ்ட்டுக்கு அப்பால் வண்டிகளை விடுவதில்லை. அதனால் காலையிலேயே போய்விடுங்கள். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எங்கம்மா முதலில் கேட்டது அதைத்தான்.