கடைமடையில் ஒரு சிசு

பௌதிகம் கற்பிக்கிறவனுக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 2021 மே மாதத்தில் அந்தக் கேள்வி என்னிடம் பௌதிகக் கேள்வியாகவே வந்தது. "சார், ஆக்சிமீட்டர் 94 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?" கேட்டவர் என் பழைய மாணவர். அவருடைய மனைவி மருத்துவமனைச் செவிலி. எட்டு மாதக் கர்ப்பிணி. கொரோனா தொற்றியிருந்தது.

விரல் நுனியில் மாட்டும் அந்தச் சிறு கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்துகிறது. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அவற்றை ஒரு விதமாகவும், சுமக்காதது வேறு விதமாகவும் உறிஞ்சும். அந்த வேறுபாட்டிலிருந்து கிடைப்பதே 94 என்ற எண். மற்றவர்களானால் 94 வரை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம் என்றது அன்றைய விதி. கர்ப்பிணிக்கு 95-க்குக் குறையக் கூடாது என்பார்கள் மருத்துவர்கள். ஏன்?

எங்கள் அதிராம்பட்டினம் பக்கத்து வயல்களைப் பாருங்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை வந்து, கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பக்கம் வந்து சேர வேண்டும். நாங்கள் கடைமடை. மேலே சற்றுக் குறைந்தால் முதலில் காய்வது இங்கேதான். கருவிலிருக்கும் சிசுவும் கடைமடையே. அது தானாகக் காற்றைச் சுவாசிப்பதில்லை. தாயின் நுரையீரல் பெற்ற பிராணவாயுதான் நஞ்சுக்கொடி வழியே அதற்குப் போகிறது. தாயின் இரத்தத்தில் 97 விழுக்காடு இருந்தாலும், கொப்பூழ்க்கொடி வழியே சிசுவுக்குச் செல்லும் இரத்தத்தில் சுமார் 80தான். இதற்காகவே சிசுவின் ஹீமோகுளோபின் பிராணவாயுவை இறுகப் பற்றும் தனி வகையாக அமைந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு.

உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். குழந்தை 34-ஆவது வாரத்திலேயே பிறந்தது. சில நாட்கள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. இன்று பள்ளிக்குப் போகிறது.

என்னை உறுத்துவது அதற்கு முந்தைய பிப்ரவரி மாதம். உடன் பணிபுரிந்தவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டபோது, கர்ப்பிணி என்பதால் அவரை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். விதி அப்படி. இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16; கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2. நடுவில்தான் இரண்டாம் அலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த ஜூனில் வெளியிட்ட கணக்கில், முதல் அலையில் தொற்றுடன் வந்த 1143 கர்ப்பிணிகளிலும் பிரசவித்தவர்களிலும் இறந்தவர்கள் 0.7 விழுக்காடு, இரண்டாம் அலையின் 387 பேரில் 5.7. மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு இது. ஊர் முழுவதற்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் எட்டு மடங்கு!

ஏன் இந்தத் தாமதம்? முதல் தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. ஆகவே தரவு இல்லை. ஆகவே அனுமதி இல்லை. 1950களின் இறுதியில் தாலிடோமைட் மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனமாகப் பிறந்த அச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் அங்கே நடந்த பிழை என்ன? சரியாகச் சோதிக்காமலேயே கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தது. அதிலிருந்து 'அவர்களைச் சோதனையில் சேர்க்காதே' என்று முடிவு கட்டியது எனக்கு விளங்காத தர்க்கம். விலங்குகளிடமும் மற்றவர்களிடமும் பார்த்த பிறகு, கர்ப்பிணியின் சம்மதத்தோடு அவரையும் விரைவில் சேர்த்திருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஊசி நமக்குப் புதிதா என்ன? டெட்டனஸ் ஊசியைக் கிராமமே அறியும். பிரசவத்தோடு வரும் அந்நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டதில் அந்த ஊசிக்கும் பங்குண்டு.

தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி தாண்டிச் சிசுவுக்கும் போகின்றன. கர்ப்பக் காலத்தில் தாய் இரு தவணை எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி போட்டிருந்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைவு என்று 2022-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது.

அந்தச் செவிலி, தொற்று நீங்கி மூன்று மாதம் ஆகட்டும் என்ற விதிப்படி, ஆகஸ்டில் கைக்குழந்தையோடு போய் ஊசி போட்டுக்கொண்டார். அன்று வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டு கர்ப்பிணிகள் நின்றிருந்தார்களாம்.